கம்பத்தடி நோவு

எங்கள் தோட்டத்திலிருந்து பால் சொசைட்டிக்குப் போகிற தடத்தில், பாதி தூரத்தில் ஒரு கரண்டுக் கம்பம் நிற்கிறது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் சோளக்காடு. அந்தப் பக்கம் பங்காளி வீட்டுக் குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளி என்பார்களே அது. அங்கே நின்றால் புதுச்சத்திரத்து ரோட்டில் லாரிகள் கியர் மாற்றுகிற சத்தம்கூடக் கேட்கும். அது எனக்குத் தெரிந்ததே அங்கே நின்று நின்றுதான். பிரியப்பட்டு நிற்கவில்லை.

நான் மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். இப்போது என்னிடம் நேரம் இருக்கிறது. மெதுவாகவே சொல்கிறேன்.

பால் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், கம்பத்தடி வருகிறபோது நெஞ்சு நடுவில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு நோவு வரும். இடது தோளில் இறங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் மரத்துப்போகும். சில நாள் பல்வலி மாதிரி தாடையில் ஏறும். நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். விட்ட பிறகு நடந்தால், சொசைட்டிக்கு முன்னால் இருக்கிற மேட்டில் ஏறினாலும் வராது. என்னைக் கெடுத்தது அதுதான். மேடு ஏறும்போது வராத நோவு என்ன பெரிய நோவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயு என்று பேர் வைத்தேன். ஓமத்தண்ணீர் வைத்துக் குடித்தேன். பூண்டைச் சுட்டுத் தின்றேன். நோவு அது பாட்டுக்குக் கம்பத்தடியில் வந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் கட்டுத்தரையில் சாணி வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டேன். என் மகன் போர்வெல் வண்டி வைத்திருக்கிறான். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது மண்ணைத் துளைத்துக்கொண்டிருப்பான். அந்தச் சமயம் ஊரில் இருந்தான். என் காலைப் பார்க்காமல் மாடுகளைப் பார்த்தான்.

"இன்னொருக்கா படுத்தீங்கன்னா ரெண்டு உருப்படியையும் புடிச்சு வித்துப் போடுவேன். அப்பறம் என்னைச் சொல்லக்கூடாது."

வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த இரண்டு சிந்து மாடும், காலையும் மாலையும் கேனோடு நடக்கிற அந்தத் தடமும்தான். மாடு போனால் தடமும் போய்விடும். மருமகள் போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளாக ஆகிவிடுவேன். நல்ல மருமகள்தான். இருந்தாலும் அப்படி உட்கார எனக்கு மனசு வரவில்லை. ஆகவே, நோவு வெளியே தெரிந்தால் மாடு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கம்பத்தடியில் சும்மா நிற்க முடியுமா? ஆம்பிளை என்றால் பீடி பற்ற வைப்பான். ஒரு பொம்பிளை கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றால் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் கிழங்குக் காட்டைப் பார்த்தேன். காட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பாள் பங்காளி வீட்டுக்காரி. என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை ஆகிறவருடைய சம்சாரம், என்னைவிட இளையவள். நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்தால் ஏதாவது பேச வேண்டுமல்லவா?

எங்கள் பக்கம் அடுத்தவர் வரப்பில் நின்றுகொண்டு வெள்ளாமை நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். எதிரில் பச்சை இடுப்பளவு நின்றாலும், "என்ன, ஒன்னும் கெளம்பலையாட்ட இருக்குது?" என்றுதான் கேட்போம். காட்டுக்காரரும், "ஆமாங்க, என்னமோ கெடக்குதுங்க" என்பார். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். கண் படக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு பேச்சு. பிறந்ததிலிருந்து அப்படிப் பேசி வளர்ந்தவள்தான் நானும். ஆனால் நெஞ்சைப் பிழியும்போது சுற்றி வளைத்துப் பேச மூச்சுக்கு எங்கே போவது? கண்ணில் பட்டது வாயில் வந்துவிட்டது.

"கெழங்கு நல்லா வந்திருக்குது கண்ணு."

அவள் குனிந்து களையை வெட்டினாள். அடுத்த நாளும் நின்றேன். அதற்கடுத்த நாளும். இலை நல்லா அகலமா இருக்குது, தண்டு கெட்டியா இருக்குது என்று தினமும் ஒன்று சொல்லிவிட்டு, நோவு விட்டதும் போய்விடுவேன். நல்ல வார்த்தை சொல்கிறோம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பிறகு அந்தக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்தது. கொழுந்து எல்லாம் சுருட்டிக்கொண்டு, குழந்தை கையை மூடின மாதிரி ஆகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ காட்டில் விழுந்ததுதான். எங்கள் ஊரில் முதலில் விழுந்தது அங்கே.

ஒரு நாள் காலையில் கேனோடு போகிறேன், கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை நிற்கிறது. மூங்கில் குச்சியில் மண்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பு அடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, பல்லைக் காட்டுகிற வாய் வரைந்து, கிழிந்த சட்டை ஒன்றையும் மாட்டியிருந்தார்கள். காட்டுக்கு நடுவில் வைத்திருந்தால் காக்காய்க்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இது தடத்தைப் பார்த்து நின்றது. நான் கேனை வைக்கிற இடத்துக்கு நேர் எதிரே.

யாருக்கு வைத்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னார்கள். மருமகள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து, அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏனுங்க அத்தை, அந்தக் கம்பத்துகிட்ட எதுக்குங்க டெய்லி நின்னு நின்னு போறீங்க?"

"ஏன், நிக்கக்கூடாதா? அவுங்க அப்பன் போட்ட தடமா?"

"நிக்கலாமுங்க. சனம் ஒரு மாதிரி பேசுதுங்க. கண்ணு கிண்ணுன்னு."

"என்ற கண்ணு பட்டுத்தான் நாமக்கல் ஜில்லா பூராப் பூச்சி வுழுந்துச்சாமா?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கொள்ளிக்கண்காரி என்ற பேரா, நெஞ்சு நோவுக்காரி என்ற பேரா என்று மனசுக்குள் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். கொள்ளிக்கண்ணே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்காக யாரும் மாட்டை விற்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பொம்மைக்கு முன்னால் நிற்பது மானக்கேடாக இருந்தது. நிற்காமல் போக வேண்டும். எப்படிப் போவது? ஒரு வலி வந்து விட்டுவிட்டால் அடுத்தது வராது என்பதுதான் எனக்குத் தெரியுமே. அந்த முதல் வலியைத் தடத்தில் வாங்காமல் வீட்டிலேயே வாங்கிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது.

விடியற்காலை பால் கறந்து வைத்துவிட்டு, மருமகள் எழுவதற்குள் கட்டுத்தரையைச் சுற்றி விசையாக நடப்பேன். நெஞ்சு பிழிய ஆரம்பித்ததும் தண்ணீர்த்தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாடுகள் இரண்டும் அசை போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கும். விட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு கேனைத் தூக்கிவிடுவேன். சாயந்தரம் மருமகள் அடுக்களையில் இருக்கிற நேரம் பார்த்து இன்னொரு சுற்று. கம்பத்தடியில் நோவு வராது. பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை நிமிர்த்திக்கொண்டு போவேன். நோவை ஏமாற்றிவிட்டேன் என்று இருந்தது. அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பல மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் விடியற்காலை சினை மாடு கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் நான் அங்கேயே குத்த வைத்திருந்தேன். பால் வண்டி வருகிற நேரமாகிவிட்டது. கட்டுத்தரையைச் சுற்ற நேரமில்லை.

"நீங்க கன்னைப் பாருங்கத்தை. கேன நான் கொண்டு போறனுங்க" என்றாள் மருமகள்.

"இத்தனை நாளா நீயா கொண்டு போன?" என்று கேனைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன்.

கம்பத்தடியில் நோவு வந்தது. நின்றேன். விடவில்லை. அது ஈரத்துணியைப் பிழிகிற நோவு இல்லை. நெஞ்சின் மேல் ஆட்டாங்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. கேன் கையிலிருந்து நழுவிப் பால் தடத்தில் ஓடியது. விழாமல் இருக்க எதையோ பிடித்தேன். பொம்மையின் சட்டை. அது கையோடு வந்தது. பிறகு மூங்கில் குச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் பாரத்தில் அது ஆடியது.

"பொம்மையப் புடுங்கறீங்களாக்கா?"

பங்காளி வீட்டுக்காரி வரப்பில் களைவெட்டோடு நின்றாள். கோபம். அவள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். காலங்காத்தாலே ஒருத்தி வந்து, பால் போனாலும் போகட்டும் என்று பொம்மையைப் பிடித்து உலுக்குகிறாள்.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு மெதுவாக வந்தேன். எனக்கு நெஞ்சு நோகுது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். உயிர் போகிற நேரம். நான் சொன்னது இது:

"ஆமா. புடுங்கத்தான் வந்தேன்."

அவள் வேகமாக வந்தாள், சண்டைக்கு. பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"என்னுங்க்கா இப்படி வேர்க்குது? ரவிக்கையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்குது."

"ஒன்னுமில்ல. நீ போ."

"எங்க போறது? மூஞ்சி சாம்பலாட்ட இருக்குதே" என்று களைவெட்டைப் போட்டுவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டாள். என் தலை அவள் தோளில் சாய்ந்தது. அந்தத் தோளில் பூச்சி மருந்து வாசம் அடித்தது.

ஜவ்வரிசி ஆட்டுகிற சேகோ மில்லுக்குக் கிழங்கு ஏற்ற அவர்கள் வீட்டு டெம்போ நின்றது. அதில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். பாதி ஏற்றின கிழங்குக்கு மேல் சாக்கை விரித்து, மண்ணும் வேருமாக. சொசைட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். பால் ஊற்ற வந்த அத்தனை பேரும் கேனோடு நின்று பார்த்தார்கள். சேலை விலகியிருந்தது. இழுத்துவிடக் கை வரவில்லை. கூடவே ஏறியிருந்த அவள் இழுத்துவிட்டாள். செத்தால் பரவாயில்லை, இவர்கள் பார்க்காத இடத்தில் சாக வேண்டும் என்று மட்டும் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

நாமக்கல்லில் ஆஸ்பத்திரி. கம்மலைக் கழற்றினார்கள், வளையலைச் சோப்புப் போட்டு உருவினார்கள். எல்லாவற்றையும் பங்காளி வீட்டுக்காரி தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். மருமகள் பிறகுதான் வந்து சேர்ந்தாள். என் சேலையை உருவிவிட்டு முதுகுப் பக்கம் நாடா வைத்த ஒரு பச்சைச் சட்டையை மாட்டினார்கள். என் பேரன் வயசில் ஒரு பையன் மணிக்கட்டைத் துடைத்து மருந்து தடவினான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்த மறுநாள் டாக்டர் வந்தார். சின்ன வயசு. எங்கள் பக்கத்துப் பேச்சு. கட்டிலுக்கு ஒரு பக்கம் மருமகள், இன்னொரு பக்கம் பங்காளி வீட்டுக்காரி.

"பாட்டி, இதுக்கு முந்தி நெஞ்சுவலி வந்திருக்குதுங்களா?"

"இல்லீங்க சாமி. நேத்துத்தானுங்க."

டாக்டர் கையிலிருந்த போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். வெயிலில் காய்ந்த மரம் மாதிரி கருப்புக் கிளைகள் அசைந்தன.

"இதா, இந்தப் பெரிய குழாய்தான் நேத்து அடைச்சது. ஆனா இது நெம்ப நாளாவே சுருங்கிக் கெடந்திருக்குதுங்க. இந்தப் பக்கம் நூலாட்ட ஓடுது பாருங்க. இதெல்லாம் பக்கத்துக் குழாய்ல இருந்து வாரது. பெரிய வழி சுருங்கச் சுருங்க, இதயம் பக்கத்துல இருந்து கொஞ்சங்கொஞ்சமாத் தனக்கு ரத்தம் இழுத்துக்கிட்டிருக்குது. ஒரு நாள்ல ஆவற காரியமில்லீங்க இது. இது மட்டும் இல்லாட்டி நேத்து உங்க இதயத்துல பாதிச் சதை செத்துப் போயிருக்கும்."

மடை அடைத்துக்கொண்டால் பக்கத்துக் காட்டு வாய்க்காலிலிருந்து தண்ணீர் திருப்பிக்கொள்கிற மாதிரி என்று எனக்குப் புரிந்தது. நான் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக்கூட இந்தப் பங்காளி வீட்டு வாசலில் போய் நின்றதில்லை.

"இன்னொன்னுமுங்க" என்றார் டாக்டர். "ரத்தம் கொஞ்ச நேரம் கொறஞ்சு, மறுபடி வந்து, மறுபடி கொறஞ்சு, இப்படி அப்பப்ப ஆச்சுன்னா, கம்மியா வந்தாலும் தாக்குப்புடிக்க இதயம் பழகிக்கும். சில பேரு சொல்லுவாங்க, நடக்கையில மொதல்ல வலிச்சுது, நின்னேன், விட்டுருச்சு, அப்பறம் எவ்வளவு நடந்தாலும் வலிக்கலைன்னு. உங்களுக்கு அப்படி ஒன்னும் இல்லீங்களா?"

நான் கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். உடம்புக்குள் ஒளித்து வைத்த பொய்யைப் படம் பிடித்துக் கட்டிலில் வைத்துக் காட்டிவிட்டார்கள். இனி எதைச் சொல்லி மறைப்பது?

"நின்னு, அப்பறம் நடந்தா" என்று பங்காளி வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கம்பத்தடியில."

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கட்டுத்தரையைச் சுற்றினதையும் சொன்னேன். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது மருந்தில்லீங்க பாட்டி. அந்தக் காப்பு கொஞ்ச நேரத்துக்குத்தான். எல்லார்த்துக்கும் அமையாது, அமைஞ்சாலும் நம்பக்கூடாது. இதயம் அது பாட்டுக்கு உங்களைக் காப்பாத்தப் பார்த்திருக்குது. நீங்கதான் ஒரு வார்த்தை வந்து சொல்லலை."

மருமகள் வெளியே போய்விட்டாள். அழத்தான் போனாள். கட்டுத்தரையை ஒட்டின அறையில்தானே படுத்திருந்தாள் அத்தனை விடியற்காலையும்.

டாக்டர் போன பிறகு பங்காளி வீட்டுக்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொம்மைய நான்தானுங்க்கா நட்டேன்."

"தெரியும்."

"சொசைட்டியில உங்களைப் பத்திப் பேசுனதும் நான்தானுங்க."

"அதும் தெரியும் கண்ணு."

"வாயத் தொறந்து ஒன்னு சொல்லியிருந்தீங்கன்னா பொம்மைக்குப் பதுலா ஒரு சேராச்சும் போட்டிருப்பனல்லங்க்கா."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்திருக்கும்.

மகன் வந்தான். வீட்டுக்குக் கூட்டிப் போனான். போனதும் கட்டுத்தரையில் போய் நின்று மாடுகளைப் பார்த்தான். பேச எனக்கு யோக்கியதை இல்லை. மருமகள்தான் அடுக்களையிலிருந்து சொன்னாள்.

"மாடு இருக்கட்டுங்க. கேன நான் தூக்கறனுங்க. அத்தை கூட நடந்து வரட்டும். டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காருங்க."

அவன் தலையை ஆட்டினான். மாடு தப்பித்தது. இப்போது நான் கையை வீசிக்கொண்டு நடக்கிறேன். மருமகள் கேனைத் தூக்கிக்கொண்டு, எனக்காக மெதுவாக நடக்கிறாள். வெறுங்கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறேன்.

முதல் நாள் அப்படிப் போனபோது கம்பத்தடியில் பொம்மை இல்லை. அது நின்ற இடத்தில் கை ஒடிந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. காற்றுக்குப் போகாமல் கம்பத்தோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எனக்குத் திக்கென்றது. பொம்மை நின்றபோதாவது அது என் கண்ணைப் பற்றின பேச்சு. இந்த நாற்காலி என் நெஞ்சைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றது. பொம்மையே பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, நிற்காமல் போய்விட்டேன். பல நாள் அப்படியே போனேன். வரப்பிலிருந்து அவள் பார்ப்பாள். கூப்பிட மாட்டாள்.

போன வாரம் சாயந்தரம் அந்த இடத்துக்கு வரும்போது நெஞ்சில் லேசாக ஒரு பிடிப்பு. பழைய நோவில் கால்வாசிகூட இருக்காது. நடை குறைந்ததை மருமகள் பார்த்துவிட்டாள்.

"என்னுங்கத்தை?"

பின்னால் இரண்டு பேர் கேனோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒன்னுமில்ல என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது அங்கேயேதான் குடியிருந்தது இத்தனை வருஷமும்.

"உக்காரோணும்" என்றேன்.

காது இரண்டும் சுட்டது. நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னபடி மருமகள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தர், "என்ன ஆத்தா, முடியலீங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அவர் பால் வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அதற்குத்தான் அத்தனை நாள் பயந்திருந்தேன்.

பிடிப்பு விட்டது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று மருமகள் போனை எடுத்தாள். நான் மறுக்கவில்லை. பங்காளி வீட்டுக்காரி வரப்பில் வந்து நின்றாள். புதிதாக ஊன்றின கிழங்குக் குச்சிகள் அவள் காலடியில் தளதளவென்று இலை விட்டிருந்தன. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்தக் கிழங்கின் மேலேயே வைத்தேன்.

"என்ன கண்ணு, கெழங்கு ஒன்னும் கெளம்பலையாட்ட இருக்குது?"

"ஆமாங்க்கா" என்றாள் அவள். "என்னமோ கெடக்குதுங்க."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து, நாற்காலிக் கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெட்டியாகத்தான் போட்டிருந்தாள்.